மரத்தின் பருமனும் நிலத்தின் இயல்பும்

(சிங்கவரம் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

நமது செஞ்சித் தாலூகாவில் புதிதாக வீடு கட்ட முற்படும் குடியானவர் எவரும், சுவர் எழும்பி நிலை வைக்கவேண்டிய தருணத்தில் ஒரு கேள்வியைக் கேளாதிருப்பதில்லை. "நம்மூர் மரம் ஏன் இப்படிச் சிறுத்திருக்கிறது? மலையாளத்துத் தேக்கும் பர்மாத் தேக்கும் மட்டும் எவ்வாறு அத்தனை பருமனாக வருகின்றன?" என்பதே அக்கேள்வி. தச்சரைக் கேட்டால் ஜாதி வேறு என்பார். மர வியாபாரியைக் கேட்டால் விதை வேறு என்பார். வயோதிகரைக் கேட்டால், காலம் கெட்டுவிட்டது என்று பெருமூச்செறிவார்.

இம்மூன்று விடைகளிலும் சிறிது உண்மை உண்டு. ஆயினும் மூன்றும் நமக்குப் பயன்படா. மரத்தின் பருமனை நிர்ணயிப்பவை மூன்று. மழையும் மண்ணும் ஒன்று. மரத்துக்கு விடப்பட்ட இடம் இரண்டாவது. மனிதன் பொறுத்திருந்த காலம் மூன்றாவது. முதலாவது நமது வசத்தில் இல்லை. மற்ற இரண்டும் முற்றிலும் நமது வசத்தில் உள்ளவை. நாமோ முதலாவதைக் குறித்து ஏங்குவதிலும், மற்ற இரண்டையும் கைவிடுவதிலும் காலங்கழித்து வருகிறோம் என்பதே எனது அபிப்பிராயம். அதை விவசாயப் பெருமக்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

ஒரே மரம், வேறு அளவு

ஒரே ஜாதி மரம் நிலத்துக்கு நிலம் எவ்வளவு மாறுபடும் என்பதை அறிய வெகு தூரம் செல்லவேண்டியதில்லை. நீலகிரி ஜில்லாவில் உள்ள முதுமலைக் காட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்குக் கோடி கூடலூர்ப் பக்கம். தென்மேற்குப் பருவமழை தாராளமாகப் பெய்யும் இடம். கிழக்குக் கோடி மசினகுடியைத் தாண்டி மாயாற்றை ஒட்டியது. மலையின் மறைவில் இருப்பதால் மேற்கில் பெய்யும் மழையில் பாதியும் அங்குக் கிடைப்பதில்லை. ஒரு நாளில் நடந்து கடக்கக்கூடிய இத்தூரத்துக்குள், மேற்கே தேக்கும் மருதும் நெடிதுயர்ந்து நிற்கின்றன. நடுவே அதே தேக்கு குட்டையாகவும் கோணலாகவும் நிற்கிறது. கிழக்கே தேக்கு அற்றுப்போய் முட்புதர்க் காடாகிவிடுகிறது. விதையை மாற்றியவர் எவருமில்லை. மழை மாறிற்று, மரமும் மாறிற்று.

இதைக் காட்டிலாகாவினர் நெடுநாட்களுக்கு முன்பே கணக்கில் கொண்டனர். 1856-ஆம் ஆண்டில் பர்மாவின் பெகு நாட்டுத் தேக்குக் காடுகளை நிர்வகிக்க வந்த டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர், மரங்களைச் சுற்றளவு வகுப்புகளாகப் பிரித்து எண்ணி, முதிர்ந்தவற்றை மட்டும் வெட்டும் முறையை அங்கே நிலைநாட்டினார். அம்முறை வளர்ந்து பிற்காலத்தில் வகுக்கப்பட்ட விதி கவனிக்கத்தக்கது. ஈரப்பசையுள்ள காட்டில், நெஞ்சு உயரத்தில் 7 அடி 6 அங்குலம் சுற்றளவு வந்த தேக்கையே வெட்டலாம். வறண்ட காட்டில் 6 அடி 6 அங்குலம் வந்தால் வெட்டலாம். மரம் ஒன்றே, இலாகா ஒன்றே, அளவு மட்டும் இரண்டு. வறண்ட காட்டு மரத்தை ஈரக் காட்டு மரத்தோடு ஒப்பிடுவது நியாயமன்று என்பதும், அதற்காக வறண்ட காட்டில் கண்டபடி வெட்டுவதும் கூடாது என்பதும் இவ்விதியில் ஒருங்கே அடங்கியுள்ளன. இவ்வியாசம் முழுவதற்கும் இதுவே கருப்பொருள் எனலாம்.

மலையாளத்து நிலம்பூருக்கு வருவோம். மலபார்க் கலெக்டராயிருந்த கனோலி துரையின் முயற்சியாலும், அவருக்குத் துணையாக நின்ற சாத்து மேனோன் என்பவரின் உழைப்பாலும் 1840-களில் அங்குத் தேக்குத் தோட்டம் போடப்பட்டது. உலகில் தேக்கை முறையாக நட்டு வளர்த்த தோட்டங்களுள் மிகப் பழையது அதுவே. அதன் எஞ்சிய பகுதி இன்றும் சாலியாற்றங்கரையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அம்மரங்களின் பருமனுக்குக் காரணம் விதையின் விசேஷமன்று. ஆறு கொணர்ந்து சேர்த்த ஆழ்ந்த வண்டல் மண்ணும், 2500 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையும், வெட்டாமல் விட்ட பொறுமையுமே காரணம். பரம்பிக்குளத்தில் உள்ள கன்னிமாரத் தேக்கு என்னும் மரம் ஏறக்குறைய 7 மீட்டர் சுற்றளவு உள்ளது. அதன் வயது 450 ஆண்டு என்று மதிப்பிடுவர். அத்தகைய மரத்தைப் பார்த்துவிட்டு வந்து நமது வரப்பில் நிற்கும் மரத்தை இகழ்வது, காவிரிப் பாசன நெல்லைக் கண்டுவிட்டு மானாவாரிக் கேழ்வரகைப் பழிப்பது போலாகும்.

மலைக்காடும் கோடரியும்

எனினும், மழையும் மண்ணும் இருந்தால் மட்டும் பருமனான மரம் நிலைத்துவிடும் என்று எண்ணலாகாது. இதற்கு ஆனைமலையே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கட்டும் துறைகளுக்காகவும், பின்னர் இருப்புப்பாதைகளுக்காகவும் ஆனைமலைத் தேக்கு ஏராளமாக வெட்டப்பட்டது. மலையுச்சியிலிருந்து மரங்களைக் கீழே சறுக்கிவிட்ட இடத்துக்கு டாப்ஸ்லிப் என்ற பெயர் இன்றும் வழங்கி வருகிறது. பெரிய மரங்களெல்லாம் போன பின்னர், மழை குறையாதிருந்தும், மண் மாறாதிருந்தும், காடு இளைத்தது. பின்னாளில் அக்காட்டை மீட்கப் பாடுபட்டவர் ஹ்யூகோ உட் என்னும் காட்டிலாகா அதிகாரி. அவர் பையில் தேக்கு விதையை நிரப்பிக்கொண்டு, நடந்த வழியெல்லாம் கைத்தடியால் குழியிட்டு விதைத்தார் என்று அப்பக்கத்தார் இன்றும் சொல்வர். 1933-ல் காலஞ்சென்ற அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்பில் அவர் வளர்த்த தேக்குகளின் நடுவே இருக்கிறது.

ஆகவே சிறுத்த மரம் இருவகைப்படும். நிலத்தால் சிறுத்தது ஒன்று. அவசரத்தால் சிறுத்தது மற்றொன்று. நம்மூரில் நாம் காணும் மரங்களுள் இரண்டாம் வகையே அதிகம் என்பது எனது அனுபவம்.

செஞ்சிச் சீமையின் நிலம்

சிங்கவரத்து ரங்கநாதர் கோயில் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது என்பதை யாவரும் அறிவர். அக்குன்றின் படிகளில் நின்று பார்த்தால் நமது நிலத்தின் இயல்பு கண்கூடாகும். எத்திசையிலும் கருங்கல் உருண்டைகளை அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள். அவற்றின் அடியில் சரளை கலந்த செம்மண். ஏரியின் கீழும் சங்கராபரணி ஆற்றோரத்திலும் மட்டும் ஆழ்ந்த மண். மேட்டு நிலத்தில் கிணறு வெட்டுகிறவர், சில அடிகளுக்குள் பாறையைத் தொட்டுவிடுகிறார். மனிதனுடைய கடப்பாரை எந்த இடத்தில் தடைப்படுகிறதோ, மரத்தின் வேரும் அவ்விடத்திலேயே தடைப்படும். மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் ஒருசேரக் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. தை பிறந்தது முதல் ஆடி வரை மரம் தான் சேமித்த ஈரத்தைக்கொண்டே உயிர் வாழவேண்டும். இத்தகைய நிலத்தில் மரம் உயர்வதைவிட வேரூன்றுவதிலும், பருப்பதைவிடப் பிழைத்திருப்பதிலுமே தன் சக்தியைச் செலவிடும்.

மேற்கே உள்ள பக்கமலைக் காப்புக்காட்டிலும் இதுவே நிலை. நமது சமவெளிக் காடுகள் ஒரு காலத்தில் விறகுக் கூப்புகளாகப் பயன்பட்டன. ஒரு பகுதியை வெட்டி, கட்டையிலிருந்து கிளைக்கும் மறுதாம்பை வளரவிட்டு, சில பத்தாண்டுகளுக்குப் பின் மறுபடியும் வெட்டுவது வழக்கம். விறகுக்கு அது ஏற்றதே. ஆனால் அடிக்கடி வெட்டப்பட்ட பழங்கட்டையிலிருந்து கிளைக்கும் மரம் அடியில் பொந்து விழுந்து, தூலத்துக்கு உதவாமற் போகும். ஆடு மேய்வதும், கோடையில் தீப்படுவதும் இதற்கு மேலும் தீங்கு செய்தன. இக்காட்டு மரங்களைக் கண்டு "நம்மூர் மரமே இவ்வளவுதான்" என்று முடிவு செய்தவர்கள், வெட்டின் விளைவை மண்ணின் குற்றமாகக் கொண்டனர்.

நான் செய்த பிழை

பிறரைக் குறை கூறுமுன் என்னுடைய பிழையையும் சொல்லிவிடுவது முறை. டிப்ளமா முடித்து இவ்வேலையில் அமர்ந்த புதிதில், குன்றடியில் மேட்டு நிலம் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் தேக்கு நடும்படி வற்புறுத்தினேன். இருபது ஆண்டில் 3 அடி சுற்றளவு வரும் என்று படித்ததை அப்படியே ஒப்பித்தேன். அக்கணக்கு எந்த நிலத்துக்கு எழுதப்பட்டது என்று யோசிக்கும் அனுபவம் அப்போது எனக்கில்லை. அவர் என் சொல்லை நம்பி, 400 நாற்றுக்குச்சிகளை மேட்டில் நட்டார். மிஞ்சியவற்றுள் 12 குச்சிகளை, எறிவதற்கு மனமில்லாமல், கீழே கிணற்று வாய்க்கால் ஓரமாக ஊன்றிவைத்தார்.

இருபது ஆண்டு கழிந்தது. பேத்தியின் கலியாணத்துக்காக மரங்களை விற்க நினைத்து, சென்ற தை மாதம் என்னை அழைத்தார். இருவருமாக நாடா பிடித்து அளந்தோம். மேட்டு மரங்கள் சராசரி 18 அங்குலமே வந்திருந்தன. வாய்க்கால் ஓரத்து மரங்களோ 34 அங்குலத்தை எட்டியிருந்தன. ஒரே நாற்றங்காலில் வாங்கியவை. ஒரே நாளில் நட்டவை. நான் தலைகுனிந்து நின்றேன். பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கன்று ஒன்றுதான் ஐயா, நிலம்தான் இரண்டு" என்று மட்டும் சொன்னார். இருபது ஆண்டில் நான் கற்காததை அவ்வொரு வாக்கியம் கற்பித்தது.

அன்று மாலையே ஒரு வியாபாரி வந்து, எல்லா மரங்களுக்கும் சேர்த்து ஒரு மொத்தக் கிரயம் பேசினார். அளவு கேட்டபோது, "கண்ணால் பார்த்தாலே தெரியாதா?" என்றார். அளவைக் கணக்கிட்டுக் காட்டிய பிறகு, மேட்டு மரங்களில் நெருங்கியவற்றையும் கோணலானவற்றையும் கழிகளாக மட்டும் விற்று, நேரானவற்றை விட்டுவைப்பது என்றும், வாய்க்கால் மரங்கள் பன்னிரண்டையும் தொடுவதில்லை என்றும் பெரியவர் தீர்மானித்தார். கலியாணச் செலவுக்குக் கழி விற்ற பணமும் அவ்வருஷ மணிலா மகசூலும் போதுமாயின. பெருஞ்சொத்து வாய்க்கால் ஓரத்தில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அளவே வருமானம்

இங்கு அளவுக் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் குடியானவர் நஷ்டமடைவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே. மர வியாபாரத்தில் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி காண்பது வழக்கம். இதன்படி 10 அடி நீளமுள்ள கட்டையின் கணக்கு வருமாறு:

2 அடி சுற்றளவானால் 2½ கன அடி.
3 அடி சுற்றளவானால் 5⅝ கன அடி.
4 அடி சுற்றளவானால் 10 கன அடி.
6 அடி சுற்றளவானால் 22½ கன அடி.

சுற்றளவு இரட்டித்தால் மரம் நான்கு மடங்காகிறது. மேற்சொன்ன பெரியவரின் மேட்டு மரத்தில் 10 அடிக் கட்டைக்கு 1.4 கன அடிதான் தேறும். வாய்க்கால் மரத்திலோ 5 கன அடி தேறும்.

இதனினும் முக்கியமானது வைரம். மரத்தின் வெளிப்பகுதி வெள்ளை. அதைச் செல்லும் உளுவும் எளிதில் அரிக்கும். உள்ளே இருக்கும் வைரமே நிலைக்கும் கதவுக்கும் உதவும். வெள்ளை சுற்றிலும் ஒன்றரை அங்குலம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 2 அடிச் சுற்றளவு மரத்தில் வைரம் நூற்றுக்கு 37 பங்கு. 4 அடி மரத்திலோ நூற்றுக்கு 65 பங்கு. ஆகவே கன அடி நான்கு மடங்காகும்போது வைரம் ஏழு மடங்காகிறது. விலையும் பருமனுக்குத் தக்கபடி கன அடிக்கு உயர்வதால், வருமானம் அதற்கும் மேலே போகும். பாதிப் பருவத்தில் வெட்டுகிறவர் பாதி லாபத்தை இழக்கவில்லை. முக்காலே மூன்று வீசத்தை இழக்கிறார் என்றால் மிகையாகாது.

இன்னொன்றும் அறிதல் வேண்டும். இக்காற்சுற்றளவு முறை, மரத்தின் மெய்யான கன அளவில் நூற்றுக்கு 78½ பங்கையே காட்டும். பட்டைக்கும் இழைப்புச் சேதத்துக்கும் என எஞ்சியது ஏற்கெனவே கழிந்துவிட்டது. அதன் பின்னும் "பட்டைக்குத் தள்ளுபடி" என்று வியாபாரி கேட்டால், ஒரே கழிவை இருமுறை கேட்கிறார் என்று பொருள்.

பருமன் சிறிதானாலும் மெதுவாக வளர்ந்த மரம் உறுதியாக இருக்கும் என்று நம்மவர் ஆறுதல் கொள்வதுண்டு. சந்தன மரம் வறண்ட கல்லாங்காட்டில் மணமிக்க வைரம் கொள்ளும் என்பது உண்மையே. அதை எல்லா மரத்துக்கும் விதியாகக் கொள்ளலாகாது. தேக்கில் வளர்ச்சியின் வேகம் உறுதியைப் பெரிதும் மாற்றுவதில்லை. வயதும் பருமனும் சேர்ந்தே வைரத்தைத் தருகின்றன. பனையோ இதற்கு விலக்கு. அதற்கு வைரம் வெளிப்புறத்தில், உள்ளே சோறு, சுற்றளவும் வயதைச் சொல்லாது. மேலும், 2021-ஆம் ஆண்டு முதல் பனையை அனுமதியின்றி வெட்டலாகாது என்பதையும் நினைவில் வைத்தல் நன்று.

காலத்தின் நிலைமை

இவ்விஷயம் இப்போது முன்னிலும் அவசரமாகியிருக்கிறது. 1996-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டார் பிறப்பித்த உத்தரவில், தமிழ்நாட்டுக் காட்டுப் பகுதிகளில் இயற்கையாக வளர்ந்த மரங்களை வெட்டுவது தடுக்கப்பட்டது. பர்மா சர்க்கார் 2014-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் உருட்டுக் கட்டைகளின் ஏற்றுமதியை நிறுத்தினர். ஆகவே ஆப்பிரிக்காவிலிருந்தும், ஈக்வடார், பனாமா முதலிய அமெரிக்க நாடுகளிலிருந்தும் தேக்கு கப்பலேறி வருகிறது. அவ்வமெரிக்கத் தோட்டத் தேக்கில் பெரும்பகுதி இளமரமே; சுற்றளவும் குறைவு, வெள்ளையும் மிகுதி. காடு மூடப்பட்டு, அயல் நாட்டு மரமும் சிறுத்துவிட்ட இக்காலத்தில், பருமனான மரம் இனி நமது பட்டா நிலத்திலிருந்துதான் வரவேண்டும்.

இதை உணர்ந்தோ என்னவோ, 1990-களில் சில கம்பெனிகள், தேக்குத் தோட்டத்தில் பணம் போட்டால் இருபது ஆண்டில் பன்மடங்காகும் என்று விளம்பரம் செய்தன. மலைச்சரிவின் வளர்ச்சிக் கணக்கை வறண்ட நிலத்துக்குப் பொருத்திக் காட்டிய விளம்பரங்கள் அவற்றுள் பல. மக்கள் பலர் பணத்தை இழந்தனர். 1999-ல் செபி என்னும் வாரியம் இத்தகைய திட்டங்களுக்கு விதிகள் வகுத்தது. நான் பெரியவரிடம் செய்த பிழையும் அத்தகையதே. எனக்குக் கமிஷன் இல்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

நிலவுடைமையாளர் செய்யத்தக்கவை

1. நிலத்தைப் பார்த்து மரத்தைத் தெரிந்துகொள்க. தேக்கை வாய்க்கால் ஓரத்திலும், ஆற்றோரப் படுகையிலும், ஆழ்ந்த மண்ணுள்ள, நீர் தேங்காத வரப்பிலும் மட்டும் நடுக. சரளை மேட்டுக்கு வேம்பு, வாகை, உசில், புங்கம் போன்றவை தக்கவை. ஏரியின் உள்வாய்க்குக் கருவேல் நல்லது. வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் நமது முன்னோர் கருவேலையே நாடினர்.

2. மரத்துக்கு இடம் விடுக. 2 மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 1000 மரம் நிற்கும். அவை அனைத்தும் கழியாகவே நின்றுவிடும். ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் இளைத்தவற்றைக் கலைத்து, எஞ்சியவற்றுக்கு வெளிச்சமும் ஈரமும் கிடைக்கச் செய்க. கலைக்க மனம் வராதவர், நெல்லில் களை எடுப்பதை நினைத்துக்கொள்க. 2021-ல் தொடங்கப்பட்ட விளைநில மரம் வளர்ப்புத் திட்டத்தில் வரப்புக்கு ஏக்கருக்கு 50 கன்று என்றும், வயலுக்குள் 160 கன்று என்றும் வகுத்தது இக்காரணத்தை முன்னிட்டே.

3. வயதைக் கேளாமல் சுற்றளவைக் கேட்க. தரையிலிருந்து 4½ அடி உயரத்தில் ஆண்டுதோறும் தை மாதத்தில் நாடா பிடித்து, ஒரு நோட்டில் குறித்து வருக. வளர்ச்சி அங்குலக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்வரை மரம் வட்டி ஈட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து ஏறாது நின்றால், அந்நிலம் தரவேண்டியதைத் தந்துவிட்டது என்று அறிந்து வெட்டலாம். அச்சுற்றளவு மலைநாட்டு மரத்தில் பாதியே ஆயினும் அதற்காக வருந்த வேண்டுவதில்லை.

4. கழிப் பயிரையும் தூலப் பயிரையும் குழப்பற்க. மரக்காணம், கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கில் சவுக்கு நான்கைந்து ஆண்டில் கழிக்கும் காகித ஆலைக்கும் வெட்டப்படுகிறது. அது நல்ல பயிர். அவசரப் பணத்துக்கு அத்தகைய பயிரை ஒரு பகுதியில் வைத்துக்கொள்க. வேம்பையும் வாகையையும் சவுக்கின் வயதில் வெட்டுவதே தவறு.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

ஏரிக்கரை, பாதையோரம், பொதுப் புறம்போக்கு ஆகியவற்றில் நிற்கும் மரங்கள் கிராமத்தின் பொதுச் சொத்து. சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் 1981 முதல் ஏரி உள்வாய்களில் கருவேல் தோப்புகள் எழுந்து, பஞ்சாயத்துகளுக்கும் வருமானம் கிடைத்ததை மூத்தவர்கள் அறிவார்கள். ஆயினும் பல ஊர்களில் ஏலம் என்பது, "ஏரிக்கரை மரங்கள் மொத்தம் இத்தனை" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அளவு குறிக்கப்படாத ஏலத்தில், ஏலம் எடுப்பவருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியாமற் போகிறது. பெரிய மரத்தை வெட்டும் உரிமை பெற்றவர், அருகில் நின்ற இளமரத்தையும் சேர்த்து வெட்டினால் கேட்பாரில்லை.

எனது அபிப்பிராயத்தில், ஏலத்துக்கு ஒரு மாதம் முன்னதாக ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு, சுற்றளவை அளந்து, ஜாதியோடு ஒரு பட்டியல் எழுதி, பொதுவிடத்தில் ஒட்டவேண்டும். அவ்வூர் நிலத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு குறைந்த சுற்றளவைக் கிராம சபையில் தீர்மானித்து, அதற்குக் குறைந்த மரத்தை ஏலப் பட்டியலில் சேர்க்கலாகாது. நேரான, நோயற்ற சில மரங்களைத் தாய்மரமாகத் தெரிந்தெடுத்து, என்றும் வெட்டாது விடவேண்டும். அடுத்த தலைமுறைக்கு விதை அவற்றிலிருந்தே கிடைக்கும். உரிய அனுமதிகளைப் பெற்ற பின்னரே கோடரி விழவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். இதற்குத் தேவையானவை ஒரு நாடா, ஒரு டின் பெயிண்டு, ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு நாள் உழைப்பு. வேறு செலவு இல்லை.

ஓர் ஆட்சேபணை

"காத்திருக்கச் சொல்வது சுலபம், புயல் வந்தால் நிற்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ல் கரையேறிய தானே புயலும், 2024-ஆம் வருஷம் நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலும் நமது பக்கத்தில் செய்த சேதத்தை நாம் மறக்கவில்லை. மரம் வளர்ப்பது ஆபத்தற்ற முதலீடு என்று நான் சொல்லவரவில்லை. ஆகையால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே ஜாதியாக, ஒரே வயதாக வைக்கலாகாது என்கிறேன். நெருக்கி நட்டு மெலிந்து நீண்ட மரமே காற்றில் எளிதில் முறியும். இடம் விட்டு வளர்ந்து, அடி பருத்து, ஆழ வேரூன்றிய மரம் அதனினும் நன்றாகத் தாங்கும். அப்படியும் விழுந்தால், பருத்த மரம் விழுந்தாலும் தூலமாகும்; மெலிந்த மரம் விழுந்தால் விறகாகும்.

முடிவுரை

சிங்கவரத்துக்குத் தெற்கே, விழுப்புரம் போகும் வழிக்கு அணித்தாக, மண்டகப்பட்டு என்னும் ஊர் இருக்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி ஒரு கோயிலை அமைத்ததாக ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே வடமொழிக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். மரமின்றிக் கட்டியது கல்வெட்டில் எழுதத்தக்க அதிசயமாயிருந்தது என்றால், மரத்தோடு கட்டுவதே அக்காலத்து வழக்கம் என்பது தெளிவு. அம்மன்னனைப் போல் நாம் பாறையைக் குடைந்து குடியிருக்க இயலாது. நமக்கு நிலையும் கதவும் ஏரும் வேண்டும்.

நமது நிலம் ஆனைமலையாகாது. ஆகவேண்டிய அவசியமும் இல்லை. இந்நிலம் எவ்வளவு பருமன் தரக்கூடுமோ, அவ்வளவையும் தருவதற்கு நாம் அவகாசம் கொடுத்தோமா என்பதே கேள்வி. கோடரியை எடுக்குமுன் நாடாவை எடுங்கள். அடுத்த தை மாதத்தில் ஒவ்வொருவரும் தமது வரப்பில் நிற்கும் மரங்களில் பத்தையேனும் அளந்து குறித்து வைப்பாராயின், இவ்வியாசம் எழுதிய பயனை நான் அடைந்தவனாவேன். அளவெடுக்கும் முறையைக் கூட இருந்து காட்டவேண்டுமென விரும்புவோர் தெரிவித்தால், அவரவர் ஊருக்கே வந்து செய்துகாட்டச் சித்தமாயிருக்கிறேன். மேட்டு நிலமா, வாய்க்கால் ஓரமா என்பதை இம்முறை நானே முதலில் கேட்பேன்.